முப்பத்தொன்பது அங்குலம்

இதன் மூலம் குடும்ப உறுப்பினர்கள், கட்டுமானப் பணியாளர்கள் மற்றும் அக்கறையுள்ள அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை சரியாகப் பத்தேகால் மணிக்கு, இவ்வில்லத்தின் விரிவாக்கப்பட்ட சமையலறையில், முறையான அளவீட்டின் அடிப்படையில் உயரம் நிர்ணயிக்கப்பட்ட சமையல் மேடைக்குக் கான்கிரீட் இடப்படும். அனைவரும் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜின் உச்சியில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பின் கீழே தேதி இருந்தது. தேதிக்குக் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். தலைவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது; அவருடைய கையெழுத்து இன்னும் பணியில்தான் இருக்கிறது.

தலைவர் என்றால் பெரிதாக எதற்கும் இல்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு காலத்தில் மூன்று மாதம் தலைவராக இருந்தார். பதவி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. அதற்கு முன் நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தை அளந்தவர். யாருடைய வேலி யாருடைய மண்ணில் எத்தனை அங்குலம் நுழைந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அவருடைய மனைவி சிட்டு அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை. படிக்கக் கூடாது என்றில்லை. அது தலைவரின் கண்ணுயரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. நாலடி பத்து அங்குலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் காகிதத்தின் அடியில் வழிந்து காய்ந்த பசைதான் தெரியும்.

சிட்டு என்பது இட்ட பெயர் அல்ல. கல்யாணமாகி வந்த அன்று வாசலில் நின்ற நெட்டை மனிதர்களுக்கு நடுவில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்தாறு வருடத்தில் பெயரும் மாறவில்லை, உயரமும் மாறவில்லை.

வேலை தொடங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஏழுக்கு எட்டு அடியில் இருந்த பழைய சமையலறையைப் பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டிப் பெரிதாக்குவது என்று குடும்பம் முடிவெடுத்தது. போன வாரம் நடுச்சுவரை இடித்தார்கள். அன்று கிளம்பிய தூசி, பூட்டிய அலமாரிக்குள் மடித்து வைத்த துணிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஃப்ரிட்ஜ் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி நிற்கிறது. அடுப்பு, படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள வழியில், மூத்தவன் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் மேசையின் மேல். கீபோர்டு வைக்கும் பலகையை இழுத்தால் உப்பும் மிளகுத்தூளும் வரும். பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் குளியலறைத் தரையில் குந்தி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க வாளியைப் பிடிக்க வேண்டும்.

சிட்டுவுக்கு ஐம்பத்தொன்று. வலது தோள் போன வருடமே மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. "கையை இடுப்புக்கு மேல தூக்கி வேலை செய்யாதீங்க" என்று டாக்டர் சொன்னார். சமையலறையைப் பெரிதாக்கும் பேச்சு வந்தபோது ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். மகள் பெரிய ஜன்னல் கேட்டாள். நாத்தனார், தலைவரின் அக்கா, ஊரிலிருந்தே ஃபோனில் சாமான் அடுக்க உள்ளறை கேட்டார். சிட்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தோளைத் தூக்காம நின்னு வேலை செய்யணும். அவ்வளவுதான்."

"குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார் தலைவர்.

காலை ஒன்பதே முக்காலுக்கு சிட்டு தட்டில் ஆறு டம்ளர் டீயோடு புதுச் சமையலறைக்குள் நுழைந்தாள். நேற்று அந்தப் பக்கம் அவள் வரவேயில்லை. நேற்றுதான் செங்கல் தாங்கு சுவர்களைக் கட்டி, அதன்மேல் பலகை அடைத்து, கம்பி கட்டியிருந்தார்கள். வெளியே சித்தாள் இருவர் ஜல்லியும் மணலும் சிமெண்ட்டும் போட்டுக் கலவையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி நூல் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை எங்கே வைப்பது என்று பார்த்தாள். பலகையின் விளிம்பு இருந்தது. தூக்கினாள். வைக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். பரணில் பானை வைப்பவள் போல இரண்டு முழங்கையும் வெளிப்பக்கம் விரிந்தன. தோள் சுருக்கென்றது. டீ தளும்பி மணிக்கட்டில் ஊற்றியது.

மேஸ்திரி தட்டை வாங்கிக்கொண்டார். நூலைப் பார்த்தார். சிட்டுவைப் பார்த்தார். மறுபடி நூலைப் பார்த்தார்.

"அம்மா, இந்த வீட்ல யாரு சமைக்கிறது?"

"நான்தான்."

"வேற யாரும்?"

"வேற யாரு?"

மேஸ்திரி இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். "அப்படியே நேரா நில்லுங்க. முழங்கையை மடக்குங்க." தரையிலிருந்து பிடித்துப் பார்த்தார். "முப்பத்தாறு. மேடை இதுக்கு நாலு அங்குலம் கீழ இருக்கணும். முப்பத்திரண்டு." பலகையைத் தட்டிக் காட்டினார். "இது முப்பத்தொன்பதும்மா."

"அப்படின்னா?"

"அப்படின்னா குழம்புச் சட்டிக்குள்ள எட்டிப் பார்க்கணும்னா எம்பிக் குதிக்கணும்."

டீக்கு வந்து நின்ற சித்தாள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல தரையிலதான்ம்மா அடுப்பு. உசரத்துல இதுவரைக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்ல."

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாகச் சிரிப்பு எங்கேயோ சாக்குமூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. தூசி தின்றது, வாளியைப் பிடித்து எழுந்தது, கீபோர்டு பலகையில் விரல் நசுங்கியது எல்லாவற்றையும் அவள் ஒரே நினைப்பில்தான் தாங்கியிருந்தாள்: முடிந்தபின் தோள் வலிக்காமல் நிற்கலாம். இன்னும் இருபத்தைந்து வருடம் தினம் மூன்று வேளை அவள் நிற்கப்போகும் இடம் இது.

"இதை இறக்க முடியுமா?"

"தாராளமா. ரெண்டு வரி செங்கல்லை எடுத்துட்டு பலகையை இறக்கி அடிச்சா ஏழு அங்குலம் இறங்கிடும். அரை மணி வேலை. ஆனா கலவை தயாராகிடுச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது. ஊத்துறதுக்கு முன்னாடி சொன்னா செங்கல். ஊத்தின பிறகு சொன்னா சம்மட்டி." டீயை ஒரே மடக்கில் முடித்தார். "ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்க."

ஐயாவைக் கேட்டுச் சொல்லுங்க. ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதிலிருந்து, ஆணி எந்தச் சுவரில் அடிக்க வேண்டும் என்பது வரை, மூன்று மாதமாக இந்த வீட்டில் அதிகம் உச்சரிக்கப்பட்ட வாக்கியம் அதுதான்.

ஐயா பத்து மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் கோப்பு. பின்னாலேயே அவருடைய அக்கா. ஒரு வாரம் மேற்பார்வைக்கு என்று வந்தவர், இரண்டு மாதமாக மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த உயரத்துக்கு மேலிருந்துதான் பார்க்க முடியும்.

"என்னங்க, மேடை எனக்கு ரொம்ப உசரம்" என்றாள் சிட்டு.

"உசரம்ங்கிறது உன் அபிப்பிராயமா, அளவா?"

"மேஸ்திரி அளந்துட்டார். என் முழங்கை முப்பத்தாறு."

"தனிநபர் அளவு" என்றார் தலைவர், சட்டையில் பட்ட கறையைச் சொல்வது போல. "சிட்டு, மேடைங்கிறது ஒரு ஆளுக்காகக் கட்டுறது இல்ல. குடும்பத்துக்காகக் கட்டுறது. அதனால குடும்பத்தோட சராசரியை எடுத்திருக்கேன். இதுல என் சொந்த விருப்பம்னு ஒரு நூலிழை கூடக் கிடையாது."

கோப்பு திறந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் தலைப்பு, அதன் அடியில் இரட்டைக் கோடு. முழங்கை உயரப் பதிவேடு. தலைவர் நாற்பத்து நாலு. அக்கா நாற்பத்திரண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மூத்தவன் நாற்பத்தைந்து. வீடியோவில் பேசும்போது அறைத் தோழனை விட்டு அளக்கச் சொல்லி வாங்கிய கணக்கு. மகள் நாற்பத்தொன்று. எதிர்வீட்டுக்காரர் நாற்பத்து மூன்று.

"கூட்டி ஐந்தால் வகுத்தால் நாற்பத்து மூன்று. அதுல நாலு கழிச்சா முப்பத்தொன்பது. விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கலாம்."

சட்டம் மூன்றாம் வருடம் படிக்கும் மகள் வாயில் பிரஷ்ஷோடு வந்து அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர்.

"எதிர்வீட்டு அங்கிள் எதுக்குப்பா நம்ம லிஸ்ட்ல?"

"பேப்பர் வாங்க வந்தார். வெளியாள் ஒருத்தர் இருந்தாத்தான் கணக்குக்கு ஒரு நடுநிலைமை இருக்கும்."

"சரி." பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "அம்மா பேரு எங்க?"

தலைவர் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் காலி. மறுபடி முன்பக்கம் திருப்பினார். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். துடைத்த பிறகும் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

"அன்னைக்கு ஹால்ல இருந்த எல்லாரையும் அளந்தேனே."

"அம்மா எங்க இருந்தாங்க?"

"டீ போட்டுட்டு இருந்தேன்" என்றாள் சிட்டு.

"யாருக்கு?"

"அளந்துட்டு இருந்தவங்களுக்கு."

சமைப்பவளைத் தவிர மற்ற எல்லாரையும், போகிற வருகிறவரையும் சேர்த்து அளந்து, அதைக் கோப்பும் போட்ட நில அளவையாளர் உலகத்தில் இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆனால் முப்பத்திரண்டு வருட அனுபவம் வீண்போகவில்லை. தலைவர் நிமிர்ந்தார்.

"விடுபட்டிருக்கலாம். மனுஷன் செய்யிற வேலை. அதுக்காகத்தானே ஆட்சேபனைக் காலம் கொடுத்தோம்? உத்தேச உயரம் முப்பத்தொன்பது, ஆட்சேபனை இருப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்னு ஃப்ரிட்ஜ்லயே ஒட்டியிருந்தேன். தினம் இருபது தடவை ஃப்ரிட்ஜைத் திறக்கிறே. ஒரு ஆட்சேபனை கூட வரல."

"எந்த உசரத்துல ஒட்டியிருந்தீங்க?" என்றாள் வக்கீல்.

"பார்வைக்குத் தெரியிற உசரத்துல."

"யாரோட பார்வைக்கு?"

"குறுக்கு விசாரணை கோர்ட்ல வச்சுக்க. இங்க நேரம் போகுது" என்றார் தலைவர். உடனே பெருந்தன்மையும் வந்துவிட்டது. "சரி, காலம் கடந்த மனுவா இருந்தாலும் ஏத்துக்கிறேன். சிட்டுவையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம்." ஃபோனில் தட்டினார். ஆறு பேர். நாற்பத்தொன்று புள்ளி எட்டு மூன்று. நாலு கழித்தால் முப்பத்தேழு புள்ளி எட்டு மூன்று. "பாரு! உன் ஒருத்திக்காக ஒரு அங்குலத்துக்கு மேல இறங்குது. ஒரு அங்குலம்னா சும்மா நினைக்காதே. ஒரு அங்குலத்துக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காம செத்ததை நான் பார்த்திருக்கேன்."

"ஒரு அங்குலத்துல செங்கல் கிடையாதுங்க ஐயா" என்றார் மேஸ்திரி.

"என்னது?"

"ஒரு வரி எடுத்தா மூணரை இறங்கும். ரெண்டு வரி எடுத்தா ஏழு. ஒரு அங்குலம் காகிதத்துலதான் இறங்கும்."

அக்காவுக்கு இந்தப் பேச்சு நீள்வது பிடிக்கவில்லை. "இதுக்கு ஏன்டா இத்தனை மல்லுக்கட்டு? சிட்டு, ஒரு பலகை போட்டுக்கயேன். அடுப்புலருந்து தொட்டி வரைக்கும் நீளமா. அதுமேலயே இங்கயும் அங்கயும் நடந்துக்கலாம். கட்டினது கட்டினபடி இருக்கட்டும்."

"பார்த்தியா, அக்காவுக்கு உடனே தோணுது!" என்றார் தலைவர். "மரத்துல ஒரு மேடை. ஏழு அங்குலம். ஓரத்துல கைப்பிடி கூட வைக்கலாம்."

"அப்படியே டிக்கெட்டும் போட்டுடுங்க" என்றாள் வக்கீல்.

சிட்டு அந்தப் பலகையை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜுக்குப் போக இறங்க வேண்டும். காயோடு வந்து ஏற வேண்டும். கொதிக்கிற பாத்திரத்தை இறக்கிக்கொண்டு, காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல், இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அறுபது வயதிலும். எழுபது வயதிலும். சாப்பிடுபவர்கள் எல்லாரும் தரையில் சௌகரியமாக நின்றுகொண்டு, "என்ன, இன்னும் ஆகலையா?" என்பார்கள்.

சண்டை போடலாம். சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டும். அது நேற்று மாலை குளியலறைத் தரையில் பாத்திரங்களோடு சேர்ந்து கழுவிப் போய்விட்டது.

"இருபது நிமிஷம் போச்சு" என்றார் மேஸ்திரி, யாரையும் பார்க்காமல்.

சிட்டு குரலை உயர்த்தவில்லை. "என்னங்க, கொஞ்சம் அங்க போய் நில்லுங்களேன்."

"எங்க?"

"மேடைகிட்ட. அடுப்பு வர்ற இடத்துல."

தலைவர் போய் நின்றார். முன்னால் போய் நிற்பதென்றால் அவர் காரணம் கேட்க மாட்டார்.

"காய் வெட்டுற மாதிரி கையை வைங்க."

வைத்தார். காற்றில் ஏதோ ஒரு காயை வெட்டினார். விறகு பிளப்பது போல இருந்தது.

"தோள் தூக்குதா?"

"இல்லையே."

"முதுகு வளையுதா?"

"துளி கூட இல்ல." அவர் முகம் மலர்ந்தது. "சொன்னா நம்பமாட்டே, அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு!"

"அப்போ சரி." சிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "இப்படியே ஊத்திடுங்க. யாருக்கு அளவெடுத்தாங்களோ அவங்களே சமைக்கட்டும்."

சித்தாளின் கை மண்வெட்டியோடு நின்றது. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். வக்கீல் பிரஷ்ஷைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

சிட்டு போட்ட கணக்கு சிறியது. அவர் கொஞ்சம் விழிப்பார். தொண்டையைச் செருமுவார். "மனிதாபிமான அடிப்படையில்" என்று ஏதாவது ஆரம்பித்து, மேடையை ஏழு அங்குலம் இறக்கச் சொல்வார். மேஸ்திரி செங்கல்லை எடுப்பார். அரை மணி நேரம். அவ்வளவுதான்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைவர் பின்வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. இங்கே ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கேமரா வேறு.

அவர் செருமியது உண்மை. அதற்குப் பின் வந்தது வேறு.

"சமைக்கிறேன்."

"என்ன?" என்றாள் சிட்டு.

"சமைக்கிறேன்னு சொன்னேன்." வலது கை பலகையின் மேல் ஊன்றியது. இடது கையில் கோப்பு. "இருபத்தாறு வருஷம் நீ சமைச்சே. நான் சாப்பிட்டேன். அளந்து பார்த்தா அது நியாயமான பங்கீடு இல்ல. இந்தச் சமையலறை திறக்கிற நாள்லருந்து, மூணு வேளையும், இந்த வீட்டுச் சமையல் பொறுப்பை நான் ஏத்துக்கிறேன். இது என் தீர்மானம். எல்லாரும் சாட்சி."

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "நம்ம அப்பா கூட ஒரு நாள் இப்படிச் சொன்னதில்லடா." சித்தாள்கள் கை தட்டினார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "எங்க வீட்டாளைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்றாள். "அப்பா, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்க, கை ஆடிடுச்சு" என்றாள் வக்கீல். அவர் சொன்னார். இரண்டாம் தடவை குரல் இன்னும் கணீரென்று இருந்தது.

கைதட்டாதவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் சிட்டுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மெதுவாகப் பேசினார்.

"அம்மா, நான் நாப்பது சமையலறை கட்டியிருக்கேன். இப்பவும் நேரம் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, ரெண்டு வரியை எடுத்துடறேன்."

சிட்டு தன் கணவரைப் பார்த்தாள். கம்பிகளுக்கும் பலகைக்கும் நடுவே, ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அந்த உயரம் அவருக்கு உண்மையிலேயே பொருந்தியிருந்தது. பொய் சொல்லக் கூடாது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவளுக்குள் வேறொன்று ஓடியது. மத்தியானம் பன்னிரண்டு மணி. அவள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். காலை நீட்டிக்கொண்டு. உள்ளே யாரோ பாத்திரத்தை உருட்டுகிறார்கள். குழாய் ஓடுகிறது, நிற்கிறது. ஏதோ வதங்குகிற வாசனை வருகிறது. "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல். அந்தக் குரல் அவளுடையது இல்லை.

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் மூன்று மாதத்தில், இருபத்தாறு வருடத்தில் என்றே வைத்துக்கொள்ளலாம், அவள் உட்கார்ந்த முதல் அரை நிமிடம் அது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"ஊத்துங்க" என்றாள்.

மேஸ்திரி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். சட்டி சட்டியாகக் கலவை வந்தது. கம்பிக்கு நடுவே விழுந்து, பரவி, விளிம்பைத் தொட்டது. கரணையால் இழுத்து இழுத்து மட்டம் செய்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. தலைவர் ஈரக் கான்கிரீட்டின் ஓரத்தில் ஆணியால் தேதியைக் கீறினார். கையெழுத்தும் போட்டார். கோடு, இரண்டு புள்ளி.

மதியச் சாப்பாட்டை சிட்டுதான் கம்ப்யூட்டர் மேசையில் சமைத்தாள். தீர்மானம் அமலுக்கு வருவது சமையலறை திறந்த பிறகுதானே.

சாப்பிட்டதும் தலைவர் புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்கினார். குளியலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கும்படி ஹாலிலிருந்து குரல் வந்தது.

"சிட்டு! சமையல்ங்கிறதை நிலைநிலையாப் பிரிச்சிருக்கேன். காய் நறுக்கிறது, கழுவுறது, அரைக்கிறது, இதெல்லாம் முன்தயாரிப்பு. அது சமையல்ல சேராது. அதை நீ பார்த்துக்கலாம்."

சிட்டு தட்டைக் கழுவினாள்.

"அதே மாதிரி பாத்திரம் தேய்க்கிறது, மேடை துடைக்கிறது பின்பணி. அதுவும் தனி."

அடுத்த தட்டு.

"நடுவுல இருக்கிறதுதான் அசல் சமையல். அது என் பொறுப்பு." சற்று நேரம் பேனாச் சத்தம். "ஆனா காலைச் சமையல் நேரமும் என் செய்தி நேரமும் ஒண்ணா வருது. காலைக்கு ஒரு மாற்று ஏற்பாடு யோசிக்கணும். சிட்டு, ஒரு டீ கிடைக்குமா? யோசிக்கிறப்ப தொண்டை வறளுது."

சிட்டு வாளியைப் பிடித்து எழுந்தாள். டீ போடவில்லை. ஈரக் கையோடு நேரே புதுச் சமையலறைக்குப் போனாள். மணி மூன்றரை.

மேஸ்திரி கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். சிட்டு முழங்கையைத் தூக்கி, மேடையின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். நகம் வெளுத்தது. கான்கிரீட்டில் ஒரு தடம் விழவில்லை.

"இனிமே சம்மட்டிதானா?"

"சம்மட்டிதாம்மா." அவர் கரணையைப் பைக்குள் போட்டார். "இன்னும் இருபத்தோரு நாளைக்கு விடாம தண்ணி ஊத்துங்க. அப்புறம் உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் அசையாது."

தலைவர் இதுவரை எடுத்த தீர்மானங்களில் அதிக நாள் நிலைத்தது பதினோரு நாள்.